டெய்லரம்மாவின் இடது கை

எங்கள் கடைக்கு ஒரே ஷட்டர், இரண்டு தொழில். உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் என் மேசை. புதுக் கம்பி சுற்றி ரீவைண்டிங் பண்ண வந்த எரிந்துபோன மோட்டார்கள், செப்புக் கம்பி உருளைகள், வார்னிஷ் டப்பா எல்லாம் அதன்மேல் கிடக்கும். வலப்பக்கம் என் மனைவியின் தையல் மிஷின். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. நான் வார்னிஷைத் திறந்தால் அவள் தும்முவாள். அவள் துணியை உதறினால் நூல் பிசிறெல்லாம் நான் சுற்றுகிற காயிலுக்குள் போகும். இருபத்திரண்டு வருஷம் இதற்காகவே சண்டை போட்டோம். வருகிறவர்கள் என்னை மோட்டார்காரர் என்பார்கள், அவளை டெய்லரம்மா என்பார்கள். என் வேலையைக் குறை சொல்லி யாராவது வந்தால் எனக்கு முன்னால் அவள் எழுந்து பதில் சொல்வாள். அவள் வேலையைக் குறை சொல்லி யாரும் வந்ததில்லை.

போன வருஷம் ஒரு நாள் காலையில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள், "என்னங்க, துணி வழுக்கிக்கிட்டே போகுது" என்றாள். துணி வழுக்கவில்லை. அவளுடைய இடது கைதான் மிஷின் பலகையிலிருந்து வழுக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஸ்ட்ரோக் என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வாய் நேரானது, கூடவே அவளுடைய வாய்க்கொழுப்பும் திரும்பி வந்தது. கால் மெதுவாக வந்து, தடியை ஊன்றிக் கடைக்குள் நடக்க ஆரம்பித்தாள். கை மட்டும் வரவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாம், "இடது கைதானே, வலது கை நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். தையலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவர்கள். வலது கை சக்கரத்தைச் சுற்றிவிடும், கத்தரிக்கோலைப் பிடிக்கும், அவ்வளவுதான். ஊசிக்கு அடியில் துணியை நடத்திக்கொண்டு போவது இடது கை. எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எங்கே சுருக்கம் விழப்போகிறது என்பதெல்லாம் அந்தக் கையின் விரல் நுனிக்குத்தான் தெரியும். அந்தக் கை போனால் டெய்லரம்மா போனாள். இதை யாரும் அவளிடம் சொல்லத் தேவைப்படவில்லை. மிஷின்மேல் உறையைப் போட்டு மூடியவளே அவள்தான்.

பிசியோ செய்ய வந்த பெண் எனக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். காலையில் கடை திறந்ததும் அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம், ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுவேன். நான் எதைச் செய்தாலும் வெறிபிடித்த மாதிரி செய்கிற ஆள். விரலுக்கு ஐம்பது தடவை என்றால் நான் நூறு.

"என்னைய ரீவைண்டிங் பண்றீங்களா? பண்ணுங்க பண்ணுங்க. கடைசியில வார்னிஷ் மட்டும் ஊத்திடாதீங்க" என்பாள்.

"உனக்கு வார்னிஷ் வேற வேணுமா, வாய்க்கு மட்டும் ஒரு சுவிட்ச் வச்சா போதும்."

சிரிப்பாள். ஆனால் நான் விரலை மடக்கும்போது அவள் கையைப் பார்க்கமாட்டாள், தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்த உறையை அவள் தன் கையாலேயே மறுபடி எடுக்க வேண்டும்.

ஐந்தாவது மாதம் அது நடந்தது. ஒரு மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். எதிரே நாற்காலியில் அவள். மடியில் கிடந்த இடது கையின் கட்டைவிரல் துடித்தது. முதலில் என் கண்தான் மங்குகிறது என்று நினைத்தேன். மறுபடி துடித்தது. சுண்டிச் சுண்டி, விட்டு விட்டு, ஒரு நிமிஷம் இருக்கும். சுற்றின கணக்கு மறந்துபோய்க் கம்பியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"ஏய், நீயா அசைச்சே?"

அவள் என்னைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் முன்னால் நான் அழுததில்லை. "அட, விரல் அசைஞ்சதுக்கே இப்படியா, கை தூக்கினா என்ன செய்வீங்க" என்று என் தலைமுடியைக் கலைத்தாள்.

நான் மோட்டார்காரன். எனக்கு உலகத்தில் தெரிந்தது அது ஒன்றுதான். செத்த மோட்டார் அசையாது, உறுமாது, கரண்ட் கொடுத்தாலும் கல்லு மாதிரி கிடக்கும். உதறுகிற மோட்டார் செத்ததில்லை. உள்ளே காயில் உயிரோடு இருக்கிறது, கிளம்பத்தான் தெம்பு இல்லை என்று அர்த்தம். அந்த மாதிரி நேரத்தில் ஷாஃப்ட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும், பிடித்துக்கொண்டு ஓடும். ஆயிரம் மோட்டாரை அப்படி ஓடவைத்திருக்கிறேன். அவள் கையும் அப்படித்தான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாளைக்கு ஒரு தடவை கை துடித்தது. துடிக்க ஆரம்பித்ததும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து, அந்தத் துடிப்போடு சேர்த்து, மேலும் கீழும் ஆட்டிவிடுவேன். "விடாதே, விடாதே, பிடிச்சுக்கோ, இன்னும் கொஞ்சம்" என்று கத்துவேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கட்டைவிரலில் இருந்தது மணிக்கட்டுக்கு வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஏறியது. முன்னேற்றம் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஆள் தெரியாத ஆள் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அவளுடைய தங்கை ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது கை துடிப்பதைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, இது அக்கா அசைக்கிறாளா, இல்ல அதுவா அசையுதா?"

"அதுவா எப்படி அசையும்? உங்க அக்கா கையில பேய் பூந்திருக்கா?"

"எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுருங்க மாமா."

"அடுத்த மாசம் போகத்தானே போறோம். அதுக்குள்ள இவ துணியைப் பிடிச்சு ஒரு தையல் போட்டுடுவா. டாக்டரம்மா முன்னாடி போய் நிக்கிறப்போ சும்மா போய் நிக்கக் கூடாது."

தங்கை அவளிடம் குனிந்து, "நீ சொல்லுக்கா, நீயா அசைக்கிறே?" என்றாள்.

"நான்தான்டி" என்றாள் என் மனைவி. "வேற யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

நான் வெற்றிப் பார்வை பார்த்தேன். தங்கை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படித்த திமிர், நல்லதைப் பார்த்தாலும் நொட்டை சொல்கிறாள் என்று அவள் போனபின் நான் திட்டினேன். என் மனைவி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம், ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது, நான் மிஷின் உறையை எடுத்தேன். தூசி தட்டி எண்ணெய் போட்டேன். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு துண்டுத் துணியை ஊசிக்கு அடியில் வைத்து, இடது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். "இன்னிக்கு வேணாங்க, உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். "எல்லாம் பயம்தான், உட்காரு" என்றேன். அப்போது பம்பு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒரு தோட்டக்காரர் வந்தார். அவரையும் நிற்கச் சொன்னேன். ஒரு ஆள் பார்க்க வேண்டுமல்லவா.

கை துடிக்க ஆரம்பித்தது. "பாருங்க, பாருங்க!" என்றேன். மணிக்கட்டைப் பிடித்துத் துணியோடு சேர்த்துத் தள்ளினேன். துடிப்பு முழங்கைக்கு வந்தது, தோளுக்கு வந்தது. இவ்வளவு தூரம் அது வந்ததே இல்லை. "வந்துடுச்சு, முழுக் கையும் வந்துடுச்சு!" என்று நான் கூவியது என் காதிலேயே இன்னும் இருக்கிறது. தோட்டக்காரர்தான் சொன்னார்.

"ஐயா, கையை விடுங்க. அம்மா முகத்தைப் பாருங்க."

முகத்தை அப்போதுதான் பார்த்தேன். இடது கன்னம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கண் இரண்டும் ஒரு மூலைக்குப் போய் நின்றன. நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் உடம்பு முழுக்க விறைத்து, ஸ்டூலோடு சாய்ந்தாள். பிறகு மொத்த உடம்பும் உதற ஆரம்பித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோட்டக்காரர்தான் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார், மோட்டார்களை நகர்த்தினார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஊசி போடுகிறவரைக்கும் இருபத்தைந்து நிமிஷம் அவள் உதறிக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மா சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல சிலருக்குப் பின்னாடி ஃபிட்ஸ் வரும். மூளையில அடிபட்ட இடம் ஆறித் தழும்பாகும். அந்தத் தழும்பைச் சுத்தி இருக்கிற இடத்துல கரண்ட் தாறுமாறாக் கிளம்பும். அந்த இடம் கையைப் பார்த்துக்கிற இடம்னா, கை மட்டும் துடிக்கும். நீங்க பார்த்தது கை வர்றது இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு சின்ன ஃபிட்ஸ்."

கரண்ட் என்று அவர் என்னிடம் சொல்கிறார். கோளாறான காயிலில் கரண்ட் குறுக்கே பாய்ந்தாலும் மோட்டார் உதறும். உதறி உதறி எரிந்துபோகும். இதுவும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த இரண்டு விஷயத்தில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன்.

"நான் கையைப் பிடிச்சு ஆட்டினதாலயா டாக்டர்?"

"இல்ல. நீங்க ஆட்டினதால ஒண்ணும் கூடல."

"அப்போ முதல் நாளே கூட்டிட்டு வந்திருந்தா?"

"மாத்திரை ஆரம்பிச்சிருப்போம். இவ்வளவு பெருசா வந்திருக்காதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வராம இருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு" என்றார்.

மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு ஓரளவு தெளிந்தது. டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, பேச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கை துடிச்சப்போ நீங்களா அசைச்சீங்களா, இல்ல அதுவா அசைஞ்சுதா? ஞாபகம் இருக்கா?"

அவள் நாக்கு தடித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ரொம்ப நேரம் ஆனது.

"அதுவா" என்றாள்.

"எப்பலேருந்து?"

"முதல்... நாள்லேருந்து... அதுவாத்தான்."

"அன்னிக்கு நீதானேடி அசைச்சேன்னு சொன்னே? உன் தங்கச்சிகிட்டயும் சொன்னியே?" என்று கேட்டுவிட்டேன், அது ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவிடமே சொன்னாள். "அவரு... சந்தோஷமா... இருந்தாரு."

டாக்டரம்மா எழுந்து, அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு, வேறொரு கட்டிலுக்குப் போனார்.

அதற்கப்புறம் ஏழு மாதம் ஆகிவிட்டது. மூன்று வேளை மாத்திரை. நடை போய்விட்டது. காலையில் நான் தூக்கிக்கொண்டு வந்து கடை நாற்காலியில் உட்காரவைக்கிறேன், ராத்திரி தூக்கிக்கொண்டு பின்னால் இருக்கிற வீட்டுக்குள் போகிறேன். மாத்திரையையும் மீறிப் பெரிய வலிப்பு நாலு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் வந்தது சும்மா போகவில்லை. ஒரு தடவைக்கு அப்புறம் கத்தரிக்கோலை "அந்த வெட்டுறது" என்றாள். இன்னொரு தடவைக்கு அப்புறம் தங்கையைப் பார்த்து, "எந்த உருப்படி தைக்கணும், அளவு கொண்டாந்தீங்களா" என்று கேட்டாள். தங்கை வெளியே போய் நின்று அழுதாள். என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வலிப்புக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். இடது கை மரத்துப்போய் ஒரு மாதிரி குளிரும் என்பாள். அப்போது "வருது" என்று ஒரு சத்தம் கொடு, நான் வந்து படுக்கவைக்கிறேன் என்று ஒப்பந்தம். போன மாதம் மதியம் நான் உள்ளே சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அவள் உதட்டோரம் ரத்தம். நாக்கைக் கடித்திருக்கிறாள். புடவை நனைந்திருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஏன்டி கூப்பிடல? ஒரு சத்தம் கொடுக்க என்ன கேடு உனக்கு?"

"நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

அன்றிலிருந்து கடையில்தான் சாப்பிடுகிறேன், அவளுக்கு எதிரே உட்கார்ந்து. "எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன்" என்கிறாள். "வலிக்குதா?" என்றால் "இல்ல" என்கிறாள். ஒரு வார்த்தையைக்கூட நம்ப வழியில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. டாக்டரம்மா மாத்திரையை இன்னும் ஏற்றிவிட்டார். இதற்கு மேல் ஏற்ற இடமில்லையாம். "இனிமே வராம பார்த்துக்கிறதுதான் நம்ம வேலை. போனதை எதிர்பார்க்காதீங்க" என்றார். இந்த அளவு மாத்திரையில் அவள் பாதி நாள் தூங்குகிறாள். என் வார்னிஷுக்குத் தும்முகிறாள், அதற்காகத் திட்டுவதில்லை. என்னைக் கிண்டல் செய்வதே இல்லை. கடையில் இப்படி ஒரு அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதற்கா இருபத்திரண்டு வருஷம் ஆசைப்பட்டேன் என்று இருக்கிறது.

கை இப்போது துடிப்பதில்லை. மாத்திரை அதை ஒரேயடியாக அடக்கிவிட்டது. பிசியோ பெண் வருவதை நிறுத்திக்கொண்டாள். நான் மட்டும் விரல்களை மடக்கி நீட்டுகிறேன், இறுகிப்போய்விடாமல் இருக்க. எண்ணுவதில்லை.

நேற்று மதியம் ஒரு வாஷிங்மெஷின் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "என்னங்க" என்றாள். "வருது" என்று சொல்லப்போகிறாள் என்று ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"இல்லல்ல. இங்க பாருங்க. கையப் பாருங்க."

கை மடியில் கிடந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒருமுறை கற்றுக்கொண்டது போதாதா. புருவம் சேர்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. நெற்றியில் வேர்த்தது. ஊசியில் நூல் கோர்க்கிறபோதுதான் அவளை அப்படிப் பார்த்திருக்கிறேன். கை துடித்த அத்தனை நாளும் அவள் முகத்தில் இந்தப் பாடு இருந்ததே இல்லை. நான் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் தன் பலம் மொத்தத்தையும் அந்தக் கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கையைப் பார்த்தேன். ஒரு விரல்கூட அசையவில்லை.

"அசையுதா?" என்றாள். மூச்சு வாங்கியது. "எனக்குச் சரியாத் தெரியல. நீங்க சொல்லுங்க."

"அசையுது" என்றேன்.

"நெசமாவா? எது?"

"கட்டைவிரல்."

அவள் உடம்பைத் தளர்த்தி நாற்காலியில் சாய்ந்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் சிரித்தாள்.

"இந்தத் தடவை நான்தான்" என்றாள்.